மூன்றாவது மேஜைக்காரர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியதில்லை. இட்டுக்கட்டுவதாக இருந்தால் என்னை இதைவிட நல்லவளாகக் காட்டியிருப்பேன்.

என் பெயர் ஜோவெலின். பனாய் தீவில் பிறந்தவள். மருத்துவம் படித்ததும் அதே தீவில்தான். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது ஒரு சின்ன ஊரில் அரசு டாக்டர். பேய் என்றாலே எல்லாரும் நள்ளிரவு பன்னிரண்டு மணி என்பார்கள். எனக்கு நடந்தது மாலை 5.51 முதல் 6.24 வரை. கல்லூரிக்கு எதிர்க் கடையில் ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்.

2009 அக்டோபர் 8, வியாழக்கிழமை.

நான் முதலாண்டில் இருந்தேன். இரண்டாவது தடவையாக. முதல் தடவை அனாடமியில் தோற்றுப் போனேன். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூவிங் எக்ஸாம். அதிலும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூவிங் என்றால் இப்படி. லேபில் ஆறு மேஜை, ஆறு உடல்கள். ஒவ்வொரு உடலிலும் ஐந்து இடத்தில் எண் போட்ட ஊசி குத்தியிருப்பார்கள். ஆக முப்பது இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாணவர் நிற்க வேண்டும். ஊசி குத்திய நரம்போ தசையோ எதுவென்று கையிலிருக்கும் தாளில் எழுத வேண்டும். ஒரே ஒரு நிமிடம். மணி அடிக்கும். உடனே வலப்பக்கம் ஒரு இடம் தள்ளிப் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. நாம் விட்டுப் போன இடத்துக்குப் பின்னால் இருப்பவர் வந்து நிற்பார். நாலு மாதம் பழகினால் போதும், மணிச் சத்தம் காதில் விழுந்ததும் கால் தானாக நகரும்.

எங்கள் குழுவுக்கு மூன்றாவது மேஜை. அதில் ஒரு மெலிந்த மனிதர். வயது அறுபதுக்குள் இருக்கும். பெயர் தெரியாதவர், உரிமை கோரி யாரும் வராதவர் என்று பதிவேட்டில் இருந்ததாம். தினமும் வேலை ஆரம்பிக்கும் முன் எல்லாரும் தலைகுனிந்து, உடலைத் தந்ததற்கு அவருக்கு நன்றி சொல்லி ஜெபிப்போம். ஜெபம் முடிந்ததும் அவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவோம்.

பச்சோய். எங்கள் நகரத்தில் பன்றிக் குடல், ஈரல் எல்லாம் போட்டுத் தரும் நூடுல்ஸ் சூப் அது. அவர் வயிற்றைத் திறந்த அன்று அந்தப் பெயரை வைத்தார்கள். யார் வைத்தது என்று கேட்டால் குழு வைத்தது என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். வைத்தவள் நான்தான்.

அன்று மதியம் 12.10. வாசல் காவலாளி சாப்பிடப் போயிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டோடு வாசல் கூரையடியில் ஒதுங்கி நின்றேன். ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் செருப்பு. பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கோப்பு.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்..."

"நான் டாக்டர் இல்ல மானாங். ஸ்டூடண்ட்." எங்கள் பக்கம் மூத்த பெண்களை மானாங் என்றுதான் கூப்பிடுவோம். அக்கா மாதிரி.

"கோட்டு போட்டவங்க எல்லாரும் எனக்கு டாக்டர்தான்" என்று சிரித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். "நான் எஸ்தான்சியா துறைக்கு அந்தப் பக்கம் தீவுல இருந்து வரேன். போன வருஷம் ஏப்ரல்ல எங்கப்பா மீன் விக்க டவுனுக்கு வந்தாரு. திரும்பி வரல. அலையாத இடமில்ல. போன மாசம்தான் பெரியாஸ்பத்திரியில ஒரு நோட்டைப் பாத்து சொன்னாங்க. துறைமுகத்துல மயங்கி விழுந்த ஒருத்தரு, பேர் தெரியாது, செத்துட்டாரு, கேட்டு யாரும் வரல, ஏதோ காலேஜுக்குக் குடுத்துட்டோம்னு. எந்தக் காலேஜுன்னு எழுதி வைக்கல. இது நான் வர்ற மூணாவது காலேஜ்."

"அடையாளம் ஏதாவது...?"

அவள் தன் இடது முன்கையைத் திருப்பி உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த இடத்துல நங்கூரம் பச்சை குத்தியிருக்கும். ஆனா ஒத்தைக் கொக்கிதான். கூட்டாளி ஒருத்தரு ஊசியால குத்துனாரு. ஒரு பக்கம் முடியறதுக்குள்ள அப்பா வலி தாங்காம எந்திரிச்சு ஓடிட்டாரு. சுறாவுக்கே பயப்படாத மனுஷன், ஊசிக்கு ஓடிட்டாரு!"

அவள் மறுபடி சிரித்தாள்.

அந்த நங்கூரத்தை எனக்குத் தெரியும். ஆகஸ்டில் அந்தக் கையின் தோலை உரித்ததே நான்தான். உரித்த துண்டைத் தூக்கிப் பிடித்து, "பாருடா, பாதியிலயே கரண்ட் போயிருச்சு போல" என்று நண்பன் ரெய்மாரிடம் ஜோக் அடித்திருக்கிறேன். அந்தத் தோல் மேஜைக்கடியில் நீல வாளியில் கிடந்தது.

"நவம்பர் ரெண்டுக்குள்ள புதைச்சுடணும்னு பாக்குறேன்" என்றாள் அவள். "கல்லறை நாள்ல எல்லாரும் அவங்கவங்க ஆளுக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க. எங்களுக்கு ஏத்த ஒரு இடம் இல்ல."

இப்படி யாராவது வந்தால் நேராகத் துறைத்தலைவர் டாக்டர் பானெஸ் அறைக்கு அழைத்துப் போக வேண்டும். அதுதான் விதி. முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அழைத்துப் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாவது மேஜையை மூடிவிடுவார்கள். நாலு மாதமாக நான் மனப்பாடம் செய்த உடல் அது. மறுநாள் தேர்வு. அதைவிட, அந்த வாளி. அதை இவள் முன்னால் எந்த முகத்தோடு திறப்பது?

"இருங்க மானாங், உள்ள போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன்.

உள்ளே போனேன். மாடிப்படிக்கடியில் நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக மூன்று நிமிடம். வெளியே வந்தேன்.

"எல்லா மேஜையும் நல்லாப் பாத்துட்டேன் மானாங். அப்படி யாரும் இங்க இல்ல."

அவள் முகம் வாடியது. ஆனால் சட்டென்று சரிசெய்துகொண்டாள். "பரவால்லம்மா. எனக்காக மெனக்கெட்டீங்களே" என்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்னி வண்டிகள் ஆளேற்ற நிற்கும் பக்கம் நடந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மாலை 4.30. தேர்வுக்கு முன் எல்லாக் குழுவும் சேர்ந்து ஒத்திகை நடத்துவது வழக்கம். ரெய்மார்தான் மணி அடித்தான். பித்தளை மணி, மேலே தட்டினால் 'டிங்' என்று ஒரே சத்தம். முப்பதில் இருபத்தாறு சரியாக எழுதியிருந்தேன்.

"டாக்டரம்மா தேறிட்டாங்கப்பா!" என்று ரெய்மார் கத்தினான். "வா, எதிர்க் கடையில பச்சோய் வாங்கித் தரேன். சாப்பிடுற பச்சோய். நம்மாளு இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நீங்க போங்க. முகமெல்லாம் மூடிட்டு வரேன்" என்றேன். கடைசியாகப் போகிறவர்கள் ஆறு உடல்களின் முகத்திலும் ஈரத்துணி போட வேண்டும். ரெய்மார் மணியைத் தன் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அதை நான் கண்ணால் பார்த்தேன். மற்றவர்களும் போனார்கள். லேப் காவலர் மானோங் இஸ்லாவ் 6.30க்குப் பூட்ட வருவார். மானோங் என்றால் அண்ணன்.

கதவருகே, முதல் இடத்தில், என் எழுத்துப் பலகை இருந்தது. அதில் ஒரு புதுத் தாள். ஒன்று முதல் முப்பது வரை வெறும் எண்கள். மேலே பென்சில்.

ஒன்றாவது மேஜை, மூடினேன். இரண்டாவது, மூடினேன். மூன்றாவது மேஜைக்கு வந்தேன்.

5.51. கரண்ட் போனது.

எங்கள் ஊரில் இது புதிதல்ல. மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. லேப் ஜன்னல்களுக்கு, வெளியே இருப்பவர்கள் பார்க்கக் கூடாதென்று வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதனால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. செல்போனை எடுத்தேன். அதன் சின்னத் திரை வெளிச்சத்தில் என் விரல்கள் தெரிந்தன. அவ்வளவுதான்.

முதலில் வாசனை மாறியது. நாலு மாதமாக என் தலைமுடியில்கூட ஒட்டியிருந்தது ஃபார்மலின் நெடி. அது இல்லை. சுத்தமாக இல்லை. அதற்குப் பதிலாக உப்பு. மீன்வலை காயும் இடத்தில் வருமே, அந்த வாடை. கல்லூரியிலிருந்து கடல் தூரம். ஜன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை.

செல்போனில் மணி பார்த்தேன். 5.52.

டிங்.

ரெய்மார் விளையாடுகிறான் என்று நினைத்தேன். "டேய், போதும்டா" என்றேன். மழைச் சத்தம்தான்.

பிறகு கதவருகில் ஒரு சத்தம்... சரக், சரக். தாளில் பென்சில் அழுத்தி ஓடுகிற சத்தம். மெதுவாக. எழுதத் தடுமாறுகிற குழந்தை எழுதுவது மாதிரி.

"ரெய்மார்?"

சரக்... சரக்... நின்றது.

5.53. டிங்.

ஒரு காலடி. வெறுங்கால். ஈரமான தரையில் ஒட்டி எழும் சத்தம். ஒரே ஒரு அடி. வலப்பக்கமாக.

மறுபடி பென்சில்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரோ மூவிங் எழுதுகிறார்கள். முதல் இடத்திலிருந்து. ஒவ்வொரு நிமிடமும் ஒரு இடம்.

கதவு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

5.54. டிங். ஓர் அடி. 5.55. டிங். ஓர் அடி. கத்த நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன். முதல் மேஜை முடிந்தது. இரண்டாவது மேஜை ஆரம்பித்தது. உப்பு வாடை கிட்டே வந்தது. செல்போன் வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியும். திருப்பவில்லை. என்னால் முடியவில்லை.

6.01. என்னிடமிருந்து ஒரு இடம்தான் தள்ளி. மூச்சுச் சத்தம் இல்லை. துணிச் சத்தம் இல்லை. தண்ணீர் மட்டும் சொட்டியது... சொட்... சொட்...

நான் நின்றிருந்தது பதினொன்றாவது இடம். மூன்றாவது மேஜையின் முதல் ஊசி.

6.02. டிங்.

என் கால் நகர்ந்தது.

நான் நகர்த்தவில்லை. பழக்கம். மணி அடித்தது, கால் வலப்பக்கம் போய்விட்டது. நான் விட்ட இடத்தில் அது வந்து நின்றது.

சரக்... சரக்... என் இடது தோளுக்குப் பின்னால்.

டிங். நகர்ந்தேன்.

டிங். நகர்ந்தேன்.

இடுப்பு மேஜை விளிம்பில் உரசியது. கையில் எதுவோ பட்டது. மூன்றாவது மேஜைக்காரரின் இடது முன்கை. தோல் இல்லாத கை. நான் உரித்த கை. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அவர் இங்கே படுத்திருக்கிறார்... அப்படியென்றால் பின்னால் வருவது யார்?

திரும்பிப் பார்க்கக் கூடாது. தேர்வின் விதி அது. அன்று அந்த விதிக்கு நன்றி சொன்னேன்.

நாலாவது மேஜை. ஐந்தாவது மேஜை. டிங். டிங். பென்சில் இப்போது வேகமாக ஓடியது. அவசரமாக. யாரையோ கூப்பிடுகிறவர்கள் குரலை உயர்த்திக்கொண்டே போவார்களே, அதுபோல.

நான் அழுதுகொண்டிருந்தேன்.

6.20. முப்பதாவது இடம். அதற்கப்பால் சுவர்.

அது இருபத்தொன்பதில்.

இனி நகர இடமில்லை.

"தாதாய்..." என்றேன். அப்பா என்று அர்த்தம். நாலு மாதத்தில் முதல்தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டேன். "தாதாய், மன்னிச்சிடுங்க. உங்க பொண்ணு வந்தாங்க... மத்தியானம் வந்தாங்க. நான்தான்... நான்தான் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பென்சில் நின்றது.

எவ்வளவு நேரம்? தெரியவில்லை.

டிங்.

என் காதருகில்.

எழுத்துப் பலகை என் கையில் வைக்கப்பட்டது. விரல்கள் என் விரல்களைத் தொட்டன. ஈரம். கடல்நீர் மாதிரி வெதுவெதுப்பான ஈரம்...

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. மானோங் இஸ்லாவ்.

"ஏம்மா, இருட்டுல ஒத்தையில நின்னுக்கிட்டு எதுக்கு மணி அடிச்சுட்டே இருக்க? கீழ வரைக்கும் கேக்குது."

6.24.

அவர் டார்ச்சை லேப் முழுவதும் சுழற்றினார். யாருமில்லை. ஆறு உடல்களும் அதனதன் இடத்தில். தரை காய்ந்திருந்தது. ஃபார்மலின் நெடி திரும்பியிருந்தது.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு? சாப்பிட்டியா?" என்றார் அவர். மணி என்னிடம் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

எதிர்க் கடைக்கு ஓடினேன். ரெய்மார் பாதி கிண்ணம் காலி செய்திருந்தான். கிளம்பியதிலிருந்து அங்கேயேதான் இருந்தானாம். அவன் பையை நானே பிடுங்கித் திறந்தேன். அடியில், சாக்ஸுக்குள் சுற்றி, மணி இருந்தது.

"என்னாச்சுடி? பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

அறைக்குப் போய்த்தான் தாளைப் பார்த்தேன். முப்பது எண்களுக்கும் நேரே எழுதியிருந்தது. எல்லாம் பெரிய எழுத்துகள். கோணல்மாணல். சில இடங்களில் அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. முப்பது இடத்திலும் ஒரே சொல்.

நிமியா.

ஒரு பெண்ணின் பெயர். எனக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. எங்கள் வகுப்பிலும் யாருமில்லை. தாளை நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். தூங்கவில்லை.

மறுநாள் காலை 7.05க்கு டாக்டர் பானெஸ் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். சத்தியமாக. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்ததும் நாக்கு வேறு மாதிரி புரண்டது.

"டாக்டர், நேத்து ஒரு அம்மா வாசல்ல அவங்கப்பாவைப் பத்தி விசாரிச்சாங்க. நங்கூரம்னு சொன்னாங்க. எனக்கு அப்போ ஞாபகம் வரல. அவங்க போனப்புறம்தான்... மூணாவது மேஜை..."

"எந்த ஊருன்னு சொன்னாங்களா?"

"எஸ்தான்சியாவுக்கு அந்தப் பக்கம் தீவு."

"நல்லவேளை, நீ ஞாபகம் வெச்சு வந்து சொன்னியே. பாதிப் பேர் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை. மூன்றாவது மேஜையை ஒதுக்கிவிட்டு இருபத்தைந்து இடங்களோடு தேர்வு நடந்தது. நான் தேறினேன்.

எஸ்தான்சியா போலீஸ் மூலம் தீவுக்குத் தகவல் போய், பதில் வர இரண்டு வாரமானது. அவர் பெயர் சிம்ப்ளிசியோ. மகன் வந்து பெற்றுக்கொள்வான் என்றார்கள். டாக்டர் பானெஸ் எங்கள் குழுவையே உடலைத் தைத்து மூடச் சொன்னார். இடது முன்கையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீல வாளியிலிருந்து அந்தத் தோலை எடுத்துக் கழுவி, பொருத்தி, சின்னச் சின்னத் தையலாகப் போட்டேன். மூன்று மணி நேரம் ஆனது. வழக்கமாக வாய் ஓயாத ரெய்மார் அன்று பக்கத்தில் நின்று நூல் மட்டும் வெட்டிக் கொடுத்தான்.

அக்டோபர் 29. சவப்பெட்டி வண்டியில் நானும் ரெய்மாரும் கூடப் போனோம். மூன்றரை மணி நேரம். வழி முழுக்க நான் ஒத்திகை பார்த்தது ஒரே வாக்கியத்தைத்தான். அவள் காலில் விழுந்து சொல்ல வேண்டிய வாக்கியம்.

எஸ்தான்சியா துறையில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். மகன், அர்னெல். பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நான் சுற்றிலும் தேடினேன்.

"உங்க அக்கா வரலையா?" என்றேன்.

"அக்கா போய்ட்டா டாக்டரம்மா."

"எங்க?"

"இந்த மாசம் எட்டாம் தேதி. அப்பாவைத் தேடி டவுனுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தா. இங்க இருந்து அஞ்சேகாலுக்குக் கடைசிப் படகு. நடுக்கடல்ல திடீர்னு காத்து. ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கறப்போ கவுந்திருச்சு. ஏழு பேரு தப்பிச்சாங்க. நிமியா அக்கா கிடைக்கல. இன்னும் கிடைக்கல."

நிமியா என்றான். நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

நான் அன்று அவளை டாக்டர் பானெஸ் அறைக்கு அழைத்துப் போயிருந்தால் கையெழுத்து, சாட்சி, தாள் என்று சாயங்காலம் வரை இழுத்திருக்கும். அவள் நகரத்தில் தங்கியிருப்பாள். அந்தப் படகில் ஏறியிருக்கமாட்டாள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையில்லை.

அர்னெல் தன் செல்போனை எடுத்து ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினான். அக்காவிடமிருந்து வந்த கடைசிச் செய்தி. இதே துறையிலிருந்து, 4.52க்கு அனுப்பியிருந்தாள்.

"அப்பா அங்கயும் இல்ல. ஒரு டாக்டர் பொண்ணு எனக்காக உள்ள போய் எல்லா மேஜையும் பாத்துட்டு வந்து சொன்னா. தங்கமான பொண்ணு. நாளைக்கு நாலாவது காலேஜ் போகணும்."

நான் படித்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

பெட்டியைத் தீவுக்குக் கொண்டுபோக அவர்கள் குடும்பப் படகு நின்றிருந்தது. ஆறு பேர் தூக்கி ஏற்றினார்கள். படகின் முன்பக்கம் நீலப் பெயிண்டில் பெரிதாக ஒரு பெயர். நிமியா. கோணல்மாணலான எழுத்து. தூரிகை முடி பிரிந்து கோடு கோடாகத் தெரியும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை நான் மூன்று வாரமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பைபிளுக்குள், முப்பது தடவை.

"இதை... யார் எழுதினது?" என்றேன்.

"அப்பாதான்" என்றான் அர்னெல். அழுத கண்ணோடு சிரித்தான். "அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது டாக்டரம்மா. கைநாட்டுதான். படகு வாங்குனப்போ பேரைத் தானே எழுதணும்னு ஒத்தைக் காலுல நின்னு அக்காகிட்டயே கத்துக்கிட்டாரு. வாழ்நாள்ல அவரு எழுதக் கத்துக்கிட்டது அந்த ஒரு சொல்லுதான்."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது.

அவன் படகுக்குள் குனிந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வந்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

"அப்பாவைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நீங்கதான்னு பெரிய டாக்டர் போன்ல சொன்னாங்க. வேற என்ன குடுக்கறதுன்னு தெரியல. அக்கா இருந்திருந்தா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருப்பா."

நான் சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.